எழுதாமல் விட்ட வரி

பூட்டண்ணனுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக மெக்கானிக் வேலை. கருவிப் பெட்டிக்குப் பூட்டு, அலமாரிக்குப் பூட்டு, மதியச் சாப்பாடு கொண்டுவரும் பையின் ஜிப்பில் கூட விரல்நுனி அளவுக்கு ஒரு பூட்டு. சாப்பாட்டை யாரண்ணே திருடப்போறாங்க என்று கேட்டால், திருட மாட்டார்கள், ஆனால் என்ன கொண்டுவந்திருக்கிறேன் என்று பார்ப்பார்கள் என்பார். பார்த்தால் என்ன என்று கேட்டுவிட்டாலோ, கேட்டவனை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு பார்வை பார்ப்பார். அதற்கப்புறம் அவன் ஒரு மாதத்துக்கு அந்தப் பக்கமே வர மாட்டான்.

வேலையில் மட்டும் ஆளை யாரும் அசைக்க முடியாது. நாற்பத்தொரு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பு. எந்தக் கட்டடத்தில் எத்தனையாவது மாடிக் கதவு மழை நாளில் ஒட்டிக்கொள்ளும், எந்த மோட்டார் அறையின் சாவி எந்தக் கடைக்காரரிடம் இருக்கும், எந்த மோட்டாரின் முனகலைக் கேட்டால் கவலைப்பட வேண்டும், எதைக் கேட்டால் தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்பதையெல்லாம் கரைத்துக் குடித்தவர். மற்ற மெக்கானிக்குகள் எங்காவது திணறி நின்றால் அவருக்குத்தான் போன் போடுவார்கள். அவரும் முதலில் நன்றாகத் திட்டுவார், பிறகு சொல்லுவார். திட்டு இல்லாமல் பதில் மட்டும் வாங்கியதாக அந்தக் கம்பெனியில் யாருக்கும் நினைவில்லை.

அப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் அறிவுத் தொகுப்பு என்று ஒன்று வந்து சேர்ந்தது. அதை நடத்துவதற்கென்றே ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், குரல் உயராது, கையில் எப்போதும் ஒரு மடிக்கணினி. தொகுப்பு மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதல் கூட்டத்திலேயே அவள் சங்கதியை உடைத்துச் சொன்னாள். ஒவ்வொரு மெக்கானிக்கும் தன் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். அது எல்லாருடைய போனிலும் தெரியும். ஆள் லீவில் போனால் அவர் தலைக்குள் இருப்பதும் கூடவே லீவில் போய்விடுகிறது, அது கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பூட்டண்ணன் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "தலைக்குள்ள இருக்கறத எறக்கி வெச்சிட்டா அப்புறம் தலை எதுக்கு? பால் கறந்து முடிச்சதும் மாட்டை வித்துருவாங்க."

மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். மாடு என்று அவரே தன்னைச் சொல்லிக்கொண்டது இருபது வருடத்தில் இதுதான் முதல் தடவை என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை.

நன்றாக யோசித்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். எழுதாவிட்டால் திமிர் பிடித்தவன் என்று வெளியே அனுப்புவார்கள். முழுதாக எழுதினால் வேலை முடிந்தது என்று வெளியே அனுப்புவார்கள். ஆகவே எழுத வேண்டும், ஆனால் முழுதாக எழுதக் கூடாது. ஒவ்வொரு குறிப்பிலும் ஏதாவது ஒன்றை, ஒரே ஒன்றை, விட்டுவிட வேண்டும். பொய் எழுதுவதில்லை. பொய் வேறு, சொல்லாமல் விடுவது வேறு. போனவன் திணறுவான், போன் போடுவான், அப்போது தெரியட்டும் பூட்டண்ணன் யார் என்று. ஒவ்வொரு குறிப்பின் கடைசியிலும் மறக்காமல் "சந்தேகம் இருந்தால் கேட்கவும்" என்று எழுதினார். அந்த வரியை எழுதியதில் அவருக்கு ஒரு தனித் திருப்தி.

மூன்று மாதம் எழுதினார். பேருந்தில் எழுதினார், மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்து எழுதினார். விட வேண்டியதை விடுவதற்கு அவர் அதிகம் யோசிக்கவில்லை, கை போன போக்கில் ஏதோ ஒன்றைத் தாண்டிப் போய்விடுவார். ஒரே ஒரு இடத்தில்தான் கொஞ்சம் தயங்கினார். அது பல் டாக்டர் கட்டடம்.

அந்தத் தயக்கம் ஏன் என்று சொல்ல வேண்டும். கரண்ட் போனால் லிஃப்டுக்குள் இருப்பவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒரு பேட்டரி பெட்டி வைப்பார்கள். கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் அது விழித்துக்கொண்டு லிஃப்டை மெதுவாகப் பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்துவிடும். மெக்கானிக் வேலை செய்வதற்காக மெயின் சுவிட்சை அணைத்தால் பேட்டரியும் சேர்ந்து அடங்க வேண்டும், எல்லா இடத்திலும் அப்படித்தான் வயர் போட்டிருக்கும். பல் டாக்டர் கட்டடத்தில் மட்டும் அது பின்னால் யாரோ அரைகுறையாகச் சேர்த்த பெட்டி. மோட்டார் அறையில் இடமில்லை என்று மூன்றாம் மாடியில் துடைப்பம் வைக்கும் அறையில், ஒரு இரும்பு அலமாரிக்குப் பின்னால் கொண்டுபோய் மாட்டியிருந்தார்கள். மெயினை அணைத்தால் அந்தப் பெட்டி கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளும். சில நிமிடம் கழித்து, யார் கீழே இருக்கிறார்கள் என்ன ஏது என்று பாராமல், லிஃப்டை இறக்கிவிடும். லிஃப்டுக்கு அடியில் உள்ள குழிக்குள் இருக்கும் நிறுத்தப் பொத்தானைக்கூட மதிக்காது.

பூட்டண்ணன் அங்கே போனால் நேராக மூன்றாம் மாடிக்குப் போய் அலமாரியை நகர்த்திப் பெட்டியை அணைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பார். வயரைச் சரிசெய்யச் சொல்லிக் கட்டடக்காரரிடம் ஒரு தடவை சொன்னார், அவர் பார்க்கலாம் என்றார், அதோடு சரி. ஒன்பது வருடமாக அந்தக் கட்டடத்துக்கு இவரைத் தவிர இன்னொருவர் போனதில்லை. இனிமேல் மட்டும் யார் போகப்போகிறார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அந்த வரியை விட்டார். அடுத்த கட்டடத்துக்கு நகர்ந்தார்.

குறிப்புகளெல்லாம் ஏறி முடிந்த பிறகுதான் வேறொரு சங்கதி அவர் கண்ணில் பட்டது. ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே அதை யார் யார், எந்த நாள், எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. சந்தேகக்காரன் கையில் இப்படி ஒன்றைக் கொடுக்கலாமா? அன்றிலிருந்து அவருக்கு வேறு பொழுதுபோக்கே இல்லாமல் போயிற்று. காலையில் பல் துலக்குவதற்கு முன் அந்தப் பட்டியலைப் பார்ப்பார்.

பட்டியலில் திரும்பத் திரும்ப ஒரே பெயர்தான் வந்தது. அவருடைய மைத்துனன்.

மனைவியின் தம்பி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இவர்தான் மேலாளர் காலைப் பிடிக்காத குறையாகப் பேசி அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டார். சாது. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை போன் போடுவான். "பன்னெண்டு வருஷமா வேலை பாக்குற, திருகாணிக்கு எந்தப் பக்கம் தலைன்னாவது தெரியுமா உனக்கு?" என்றுதான் இவர் ஆரம்பிப்பார். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு பதிலை வாங்கிக்கொண்டு போவான். இப்போது யோசித்துப் பார்த்தால், அவனிடமிருந்து போன் வந்து இரண்டு மாதமாகிறது.

நாற்பத்தொரு குறிப்புகளையும் படித்திருந்தான். சிலவற்றைக் காலை ஆறு மணிக்கு, சிலவற்றைச் சாப்பாட்டு நேரத்தில். பல் டாக்டர் கட்டடத்தை மட்டும் நான்கு தடவை. தன் பொறுப்பில் இல்லாத கட்டடத்தை ஒருவன் எதற்காக நான்கு தடவை படிக்க வேண்டும்? நெருப்பில்லாமல் புகையுமா? ஏணியைப் போட்டுக் கொடுத்தவரையே எட்டி உதைக்கப் பார்க்கிறான் என்று பூட்டண்ணன் முடிவு கட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, எதுவும் தெரியாதவர் போல, தொகுப்பையெல்லாம் படிக்கிறாயா என்று கேட்டுப் பார்த்தார்.

"நானா? இல்லையே மாமா" என்றான் அவன். சொல்லும்போது தட்டைப் பார்த்தான்.

பட்டியல் பூட்டண்ணனின் சட்டைப் பையில், போனுக்குள் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஒருவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்த பிறகு அவனுக்குத் தெரியாமல் அதை வைத்திருப்பதில் ஒரு வசதி உண்டு. பக்கத்தில் மனைவி சட்டென்று பேச்சை மாற்றி, தம்பிக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். ஓகோ, இவளும் கூட்டா என்று நினைத்துக்கொண்டார். அன்று ராத்திரி அவளிடம் கேட்கவும் செய்தார். உங்கள் நிழல் உங்கள் பின்னால் வருவதே உளவு பார்க்கத்தான் என்று சொல்வீர்களே நீங்கள் என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மேலாளரிடமிருந்து செய்தி வந்தது. நாளை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வரவும், கட்டடங்களுக்குப் போக வேண்டாம், நாளைய வேலையை உங்கள் மைத்துனர் பார்த்துக்கொள்வார். பூட்டண்ணன் அதை மூன்று முறை படித்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

புதன்கிழமை நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனார். வெளியே அனுப்பும்போதாவது அழுக்குச் சட்டையோடு நிற்கக் கூடாது. மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார். தேநீர் கொடுத்தார்கள். அந்தக் கம்பெனியில் தேநீர் கொடுத்து நல்ல செய்தி சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. தொகுப்பு மேடம் மடிக்கணினியைச் சுவரில் இருந்த பெரிய திரையோடு இணைத்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடத்தை ஒரு திரையில் போட்டுக் காட்டித்தான் அனுப்பப்போகிறார்கள் போல என்று அவர் நினைத்தார். மகளின் கல்லூரிக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி. இந்த வயதில் வேறு எந்தக் கம்பெனி சேர்த்துக்கொள்ளும்?

மேலாளர் பேச ஆரம்பித்தார். கம்பெனியில் மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் குறிப்புகள் ஏறியிருக்கின்றன. அதில் அதிகம் படிக்கப்படுவது உங்களுடையதுதான். மற்றவர்கள் எழுதியதைப் படித்தால் தலையும் புரியாது வாலும் புரியாது, உங்களுடையது மட்டும் படிக்கட்டு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இருக்கிறது. அதனால் ஒரு யோசனை. இனி நீங்கள் லிஃப்ட் ஏறி இறங்க வேண்டாம். எல்லாருடைய குறிப்புகளையும் படித்து, சரிபார்த்து, குறையிருந்தால் திருத்தும் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளமும் கொஞ்சம் கூடும்.

பூட்டண்ணன் தேநீரைக் கீழே வைத்தார். இதில் என்ன வில்லங்கம் இருக்கிறது என்று தேடினார். தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"பாருங்க சார், இப்பக்கூட ஒருத்தர் உங்க குறிப்பைத்தான் படிச்சிட்டிருக்கார்" என்று தொகுப்பு மேடம் திரையைக் காட்டினாள். பச்சை நிறத்தில் ஒரு வரி. பல் டாக்டர் கட்டடம். அதன் பக்கத்தில் மைத்துனனின் பெயர். காலையில் அங்கிருந்து புகார் வந்ததாம், லிஃப்ட் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதாம். இறங்கிப் பார்க்கத்தான் போயிருக்கிறார் என்றாள்.

குறிப்பில் எழுதியிருந்தது பூட்டண்ணனுக்கு மனப்பாடம். லிஃப்டை முதல் மாடிக்கும் தரைத்தளத்துக்கும் நடுவில் நிறுத்தவும். மோட்டார் அறையில் மெயினை அணைக்கவும். தரைத்தளக் கதவைச் சாவியால் திறக்கவும். ஏணி வழியாகக் குழியில் இறங்கவும். நிறுத்தப் பொத்தானை அழுத்தவும். ஒரு குறையும் தெரியாத குறிப்பு. அதைப் படிப்பவனுக்கு எங்கிருந்து சந்தேகம் வரும்? சந்தேகம் இருந்தால் கேட்கவும் என்று எழுதியவர், சந்தேகமே வராத மாதிரி எழுதி வைத்திருந்தார்.

போனை எடுத்து மைத்துனனைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை இரண்டு மணியில் துண்டித்துவிட்டான். மூன்றாவது தடவையும் அதே கதை. வேண்டுமென்றே எடுக்கவில்லை. கட்டடத்தில் காவலாளி கிடையாது, டாக்டரின் அறை சாயங்காலம்தான் திறக்கும். இங்கிருந்து வண்டியில் போனாலும் அரை மணி நேரம். மேடம் தன் போனிலிருந்து போட்டுப் பார்த்தாள், மேலாளர் போட்டுப் பார்த்தார். அதற்குள் யாரிடமிருந்து அழைப்பு வந்தாலும் மணி அடிக்காதபடி அவன் போனை அடக்கிவிட்டிருந்தான் போலிருக்கிறது. ஆனால் திரையில் அந்தப் பச்சை வரி மட்டும் அணையாமல் இருந்தது. குறிப்பை ஒவ்வொரு வரியாகப் படித்துப் படித்துச் செய்துகொண்டிருக்கிறான்.

"என்ன சார் விஷயம்?" என்றார் மேலாளர்.

சொல்லலாமா வேண்டாமா என்று பூட்டண்ணன் யோசித்தார். அதிக நேரம் இல்லை, இரண்டு மூச்சு விடும் நேரம். ஒருவேளை அவன் இன்னும் இறங்கியிருக்க மாட்டான், ஒருவேளை பேட்டரியில் சார்ஜ் இருக்காது, ஒருவேளை வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். மனைவியின் தம்பி குழிக்குள் இறங்கிக்கொண்டிருக்கையில் இந்த மனுஷன் இதையெல்லாம் யோசித்தார். அந்த இரண்டு மூச்சைப் பற்றி அவர் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை.

பிறகு சொன்னார். "அதுல ஒரு வரி இல்ல. நான் எழுதல. மெயினை அணைச்சாலும் லிஃப்ட் எறங்கும். அந்தக் குறிப்பை இப்பவே மாத்துங்க."

மேடம் அவரை ஒரு கணம் பார்த்தாள். எழுதாமல் போய்விட்டதா, எழுதவில்லையா என்று கேட்க வாயெடுத்தவள் கேட்காமல் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். அவர் அவசரமாக அடித்ததில் எழுத்துகள் மாறி மாறி விழுந்தன. அவள் மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டு, சொல்லுங்கள் என்றாள். அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். குழியில் இறங்காதே. முதலில் மூன்றாம் மாடி, துடைப்ப அறை, இரும்பு அலமாரிக்குப் பின்னால் பேட்டரி பெட்டி, அதை அணை. திருத்தத்துக்கு மேலாளர் ஒப்புதல் வேண்டும் என்று திரை கேட்டது. மேலாளர் எழுந்து வந்து பொத்தானை அமுக்கினார். குறிப்பின் தலையில் சிவப்பு எழுத்தில் அந்த வரி ஏறியது.

மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திருத்தத்தைப் படித்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி விழும் என்று மேடம் சொன்னாள். குறி விழவில்லை. போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கியிருந்தால்? பூட்டண்ணன் வாழ்க்கையில் எத்தனையோ பேரைச் சபித்திருக்கிறார். அன்றைக்குத் தன் கையைத்தான் சபித்தார்.

குறி விழுந்தது. நாலைந்து நிமிடம் கழித்து மேடத்தின் போன் ஒலித்தது. மைத்துனன்தான். அவளைத்தான் கூப்பிட்டான், மாமாவைக் கூப்பிடவில்லை. ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டேன், அடுத்தது என்ன என்று பார்க்கப் போனை எடுத்தேன், சிவப்பாக ஏதோ வந்திருந்தது, ஏறி வெளியே வந்து நிற்கிறேன், நிற்கும்போதே லிஃப்ட் தானாக இறங்கி வந்து நின்றுவிட்டது மேடம் என்று சொன்னானாம். பூட்டண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறார் என்று மேலாளருக்குத் தெரிந்தது, தெரியாதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெட்டியின் வயரைச் சரிசெய்ய அன்றைக்கே ஆள் அனுப்பினார்கள். ஒன்பது வருடமாக ஏன் இதைக் கம்பெனியிடம் சொல்லவில்லை என்று மேடம் கேட்டாள். குற்றம் சாட்டுவது போலக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டாள். சொல்லியிருந்தால் சரிசெய்திருப்பார்கள். சரிசெய்திருந்தால் அந்தக் கட்டடத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். அவ்வளவுதான் காரணம், ஆனால் அதை எந்த வாயால் சொல்வது?

மேலாளர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "வேற எதுலயாவது இப்படி விட்டிருக்கீங்களா?"

"எல்லாத்துலயும் ஒண்ணு" என்றார் பூட்டண்ணன்.

அதற்கு மேல் மறைத்து என்ன ஆகப்போகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், அதை வெளியே எடுத்து மேசை மேல் வைத்துவிட்டார். எதை எதை விட்டீர்கள், உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று மேலாளர் குறிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் கொண்டுவந்தார். பூட்டண்ணன் படித்தார். முதல் கட்டடத்தைப் படித்தார், எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவதைப் படித்தார், அதுவும் சரியாக இருந்தது. பத்தாவதற்கு வந்தபோது அவருக்கு வேர்த்துவிட்டது. எந்தக் கட்டடத்தைப் படித்தாலும் அந்தக் கட்டடம் முழுதாகக் கண்முன் வந்து நின்றது, அதன் சாவி, அதன் கதவு, அதன் முனகல் எல்லாம். விட்ட இடத்தை அவர் மனசு தானாகவே நிரப்பிக்கொண்டது. எழுதியது எது, எழுதாமல் தெரிந்தது எது என்று பிரிக்க முடியவில்லை.

"எதை விட்டேன்னு எனக்கே தெரியல சார்."

மேலாளர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? இருபத்திரண்டு வருடத்தில் பூட்டண்ணன் சொன்னதிலேயே கலப்படமில்லாத உண்மை அதுதான், அதை நம்ப ஆளில்லை. புதிய பொறுப்பைப் பற்றிய பேச்சு அப்படியே நின்றது. வேலை போகவில்லை, இப்போதைக்குப் போகவில்லை. நாற்பத்தொரு குறிப்புகளின் தலையிலும் "சரிபார்க்கும் வரை இதை நம்ப வேண்டாம்" என்று சிவப்பில் போட்டார்கள். அவரே ஒவ்வொரு கட்டடத்துக்கும் போய், கூட ஒருவரை வைத்துக்கொண்டு, விட்டதைக் கண்டுபிடித்துச் சேர்க்க வேண்டும். கூட யார் வருகிறீர்கள் என்று கேட்டதற்கு மெக்கானிக்குகள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மைத்துனன்தான் சரி என்றான்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தான். அக்காவுக்குச் சங்கதி அதற்குள் தெரிந்திருந்தது. அவள் தேநீரைத் தம்பிக்கு மட்டும் கொண்டுவந்து வைத்தாள். பூட்டண்ணன் நேரடியாகக் கேட்டுவிட்டார். எதுக்குடா அத்தனையும் படித்தாய், படித்ததை ஏன் இல்லை என்றாய்?

மைத்துனன் டம்ளரைக் கீழே வைத்தான். "எனக்கு வேலை அவ்வளவா வராது மாமா, அது உங்களுக்கும் தெரியும். உங்களக் கேட்டா சொல்லுவீங்க, ஆனா திட்டு வாங்கணும். ஆளுங்க முன்னாடி போனை ஸ்பீக்கர்ல போடச் சொல்லித் திட்டுவீங்க. அது திட்டாது. நாலு தடவ படிச்சாலும் திட்டாது. அதான் உங்களுதெல்லாம் படிச்சு மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன். இன்னிக்கி உங்க போன் வந்தப்ப, திட்டத்தான் கூப்பிடறீங்கன்னு நெனச்சேன்."

பூட்டண்ணன் கண்டுபிடித்து வைத்திருந்த சதி அவ்வளவுதான். தன்னை எல்லாரும் தேடி வருகிறார்கள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தார். வேறு வழி இல்லாததால்தான் வந்தார்கள். மனசு கசந்தது. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மறுநாள் முதல் கட்டடத்துக்குப் போனார்கள். ஐந்து மாடி, கீழே மரச்சாமான் கடை. மைத்துனன் போனைக் கையில் வைத்துக்கொண்டு குறிப்பை வரிவரியாகச் சத்தமாகப் படித்தான். படித்ததை அப்படியே செய்வது, எங்கே தடங்கல் வருகிறதோ அங்கே நிறுத்துவது என்று பேசி வைத்திருந்தார்கள். முதல் வரியில் சாவியை வாங்கினான். இரண்டாவதில் மாடி ஏறினான். அவன் சாவியைத் தப்பான பக்கம் திருப்பியபோது பூட்டண்ணனுக்கு வாய் வரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டார்.

நான்காவது வரி, மோட்டாரின் மூடியைத் திறக்கவும். மைத்துனன் மூடியின் பக்கம் கையைக் கொண்டுபோனான். கை பாதியில் நின்றது.

"இதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்லையே மாமா?"

பூட்டண்ணன் நன்றாக யோசித்தார். மெயின் அணைந்திருக்கிறது. பேட்டரி இந்தக் கட்டடத்தில் கிடையாது. பிரேக் பிடித்திருக்கிறது. தெரிந்த வரைக்கும் ஒன்றுமில்லை. "இல்லப்பா" என்றார்.

மைத்துனன் அவர் முகத்தைப் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை. பன்னிரண்டு வருடமாக அவர் சொன்ன எதையும் ஏன் என்று கேட்காதவன், இப்போது அந்த முகத்தில் ஏதோ எழுதியிருக்கிறதா என்று தேடுவது போலப் பார்த்தான். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"நீங்க முதல்ல கை வைங்க மாமா" என்றான்.

பூட்டண்ணன் குனிந்து மூடியின் மேல் கையை வைத்தார்.